முதல் பத்து ஓட்டு: ஒரு பதிவு மேலே வருவதும் காணாமல் போவதும்

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்டது)

நிகழ்ச்சியைக் கேட்கிறவங்க அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கு. வார்த்தை மாறும், விஷயம் ஒன்றுதான். "ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து விவரமா ஒரு பதில் எழுதினேன். ஒருத்தர்கூடப் பார்க்கலை. அதே இடத்துல ஒரே வரியில கிண்டல் அடிச்சவருக்கு ஆயிரம் ஓட்டு. என்னை யாராவது வேணும்னே அமுக்கிட்டாங்களா?"

பெரும்பாலும் யாரும் அமுக்கியிருக்க மாட்டாங்க. எது மேலே, எது கீழே என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அதுவும் ரொம்பப் பெரிய கணக்கு கிடையாது, ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரிக்குள் எது நியாயம் என்று யாரோ எடுத்த முடிவும் சேர்ந்தே இருக்கு. இன்றைக்கு அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போறோம்.

முதலில், இது ஏன் முக்கியம்? இடம் குறைவு என்பதால்தான். ஹேக்கர் நியூஸ் என்கிற தளத்தை எடுத்துக்குங்க. அதன் முதல் பக்கத்தில் 30 இடம்தான். உலகம் முழுக்க இருந்து வருகிற பதிவுகள் எல்லாம் அந்த 30-க்குத்தான் போட்டி போடுது. ரெடிட்டில் ஒரு கேள்விக்குக் கீழே 500 பதில் வந்தாலும், படிக்கிறவர் மேலே இருக்கிற நாலைந்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒருத்தர் ஒரு மருந்தோட பக்கவிளைவு பற்றிக் கேட்கிறார் என்று வைங்க. மேலே நிற்கிற பதில் தப்பு, சரியான பதில் 40-ஆவது இடத்தில் கிடக்கு. அவரைப் பொறுத்தவரை அந்தச் சரியான பதில் எழுதப்படவே இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. பூஜ்யம் ஓட்டு வாங்கிய பதில் ரெண்டு வகை. ஒன்று, பல பேர் படித்துவிட்டு வேண்டாம் என்று தாண்டிப் போனது. இன்னொன்று, யார் கண்ணிலும் இன்னும் படாதது. எண்ணைப் பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான். "இது நல்லா இல்லை", "இதை இன்னும் யாரும் பார்க்கலை" — இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கிற கணக்கைத்தான் நான் நியாயமான கணக்கு என்று சொல்வேன். இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

பிராட்மேனை முந்தியவர்

கிரிக்கெட்டிலிருந்து ஆரம்பிப்போம். டெஸ்ட் கிரிக்கெட்டில் பேட்டிங் சராசரி என்றால் உடனே பிராட்மேன், 99.94 என்று சொல்லிவிடுவோம். ஆனால் வெஸ்ட் இண்டீஸ்காரர் ஆண்டி கான்டோம் என்று ஒருத்தர் இருந்தார். 1948-ல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஒரே இன்னிங்ஸ், 112 ரன். அதன் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. ஆக அவரோட சராசரி 112. கணக்குப்படி பிராட்மேனைவிட மேலே!

இதை நாம யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். அதே சமயம் அவர் மோசமான ஆட்டக்காரர் என்றும் சொல்ல முடியாது. நமக்குத் தெரிந்தது ஒரு இன்னிங்ஸ்தான், அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் சாதனைப் பட்டியல் போடுகிறவர்கள் "குறைந்தது 20 இன்னிங்ஸ்" என்று ஒரு கோடு கிழிக்கிறார்கள். அந்தக் கோட்டால் 20 இன்னிங்ஸ் ஆடியவர் பட்டியலில் வருவார், 19 ஆடியவர் வரமாட்டார். வசதியான கோடுதான், ஆனால் முரட்டுக் கோடு.

இப்ப பதில்களுக்கு வருவோம். ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்திருக்கு.

முதல் பதிலுக்கு 40 பேர் மேல் அம்பு, 20 பேர் கீழ் அம்பு. ரெண்டாவதுக்கு 10 மேல், 1 கீழ். மூன்றாவதுக்கு 1 மேல், கீழ் ஒன்றும் இல்லை.

மேலிலிருந்து கீழைக் கழித்தால் முதல் பதில் ஜெயிக்கும்: 20, 9, 1. ஆனால் அதைப் படித்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் ஒருத்தருக்கு அது பிடிக்கவில்லை. சீக்கிரம் வந்ததால் நிறையப் பேர் பார்த்தார்கள், நிறையப் பேர் பார்த்ததால் ஓட்டு சேர்ந்தது. சரி, சதவீதம் எடுப்போம் என்றால் மூன்றாவது பதில் 100 சதவீதத்தோடு மேலே போய் உட்கார்ந்துவிடும். அது நம்ம கான்டோம் கதை. ஒரே ஒரு ஓட்டு, ஒருவேளை அவரோட நண்பர் போட்டதாகக்கூட இருக்கலாம்.

1927-ல் எழுதின விடை

இந்தச் சிக்கலுக்கு ரெடிட் 2009-ல் ஒரு வழியைக் கொண்டு வந்தது. அதைத் தளத்தின் வலைப்பூவில் விளக்கி எழுதியவர் ராண்டல் மன்றோ, எக்ஸ்கேசிடி என்கிற சித்திரத் தொடரை வரைகிறவர். கணக்கு மட்டும் புதுசு கிடையாது. எட்வின் வில்சன் என்கிற அமெரிக்க அறிஞர் 1927-லேயே எழுதி வைத்தது.

அதோட சாரம் இதுதான். ஓட்டுப் போட்ட 11 பேரை நாம ஒரு மாதிரி என்று எடுத்துக்கிறோம். பானையில் ஒரு சோறு பதம் பார்க்கிற மாதிரி. ஊரே வந்து படித்து ஓட்டுப் போட்டால் எத்தனை சதவீதம் பேருக்குப் பிடிக்கும்? சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் "இதற்கும் இதற்கும் நடுவில்" என்று ஓர் எல்லை சொல்லலாம். மாதிரி சின்னதாக இருந்தால் அந்த எல்லை அகலமாக இருக்கும். மாதிரி பெரிதாக ஆக ஆக எல்லை குறுகும்.

நம்ம மூன்று பதிலுக்கும் 95 சதவீத நம்பிக்கையோடு அந்த எல்லையைப் போட்டுப் பார்த்தேன். 40-க்கு 20 வாங்கிய பதில்: 54 முதல் 77 சதவீதம் வரை. 10-க்கு 1 வாங்கியது: 62 முதல் 98 வரை. ஒரே ஓட்டு வாங்கியது: 21 முதல் 100 வரை.

அந்த ஒரே ஓட்டின் எல்லை எவ்வளவு அகலம் என்று பாருங்க. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கணக்கே ஒப்புக்கொள்கிறது. ரெடிட் செய்தது, இந்த எல்லையின் கீழ் முனையை எடுத்து வரிசைப்படுத்தியது. எவ்வளவு மோசமாக இருந்தாலும் குறைந்தபட்சம் இவ்வளவு பேருக்குப் பிடிக்கும் என்கிற எண் அது. அப்படிப் பார்த்தால் 62, 54, 21. ரெண்டாவது பதில் முதலிடம். தாமதமாக வந்தாலும், கொஞ்சம் பேரே பார்த்திருந்தாலும், பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்திருந்தால் மேலே வரலாம். முன்னாடி வந்து இடம் பிடித்தவர் அசையவே மாட்டார் என்கிற நிலை மாறியது.

இந்தக் கணக்கில் நேரம் என்பதே கிடையாது, கவனிச்சீங்களா? ஒரு கேள்விக்குக் கீழே இருக்கிற பதில்களுக்கு அது சரி. முதல் பக்கத்துக்கு அது உதவாது. நேரத்தைக் கழிக்காவிட்டால் முதல் பக்கத்தில் ஐந்து வருஷத்துக்கு முன்னாடி வந்த பதிவே இன்றைக்கும் நிற்கும்.

கடிகாரம் யாருக்காக ஓடுது?

ரெடிட் 2008-ல் தன் மூல நிரலை வெளியிட்டது, 2017-ல் நிறுத்திக்கொண்டது. வெளியே இருந்த அந்த நிரலில் முதல் பக்கத்துக்கான கணக்கை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மேல் ஓட்டிலிருந்து கீழ் ஓட்டைக் கழித்து, அதற்கு மடக்கை எடுக்கிறார்கள். 10 என்றால் 1, 100 என்றால் 2, 1000 என்றால் 3. அதோடு பதிவு வந்த நேரத்தையும் கூட்டுகிறார்கள். 45,000 விநாடிக்கு, அதாவது பன்னிரண்டரை மணி நேரத்துக்கு, ஒரு புள்ளி.

இதற்கு என்ன அர்த்தம்? காலை 6 மணிக்கு வந்த பதிவுக்கு 100 ஓட்டு, மாலை ஆறரைக்கு வந்த பதிவுக்கு 10 ஓட்டு என்றால் ரெண்டும் சமம். இன்னொன்றையும் பாருங்க. முதல் 10 ஓட்டு உங்களை ஒரு படி ஏற்றும். அடுத்த படிக்கு இன்னும் 90 வேணும். அதற்கடுத்த படிக்கு 900. பிரபலமானவர் எல்லாரையும் ஒரேயடியாக அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த கடிவாளம் இது. ஆனால் அதே கடிவாளம் முதல் பத்துப் பேர் கையில் பெரிய அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. அவர்கள் போடும் ஓட்டும், பிறகு வரும் 90 பேர் போடும் ஓட்டும் ஒரே எடை.

ஹேக்கர் நியூஸ் கணக்கு வேற. உங்க புள்ளியில் ஒன்றைக் கழித்துவிட்டு, பதிவின் வயதோடு ரெண்டு மணி நேரம் கூட்டி, அதை 1.8 அடுக்குக்கு உயர்த்தி, அதனால் வகுக்கிறார்கள். ஒன்றைக் கழிப்பது எதற்கு என்றால், அது பதிவு போட்டவரோட சொந்த ஓட்டு. அடுக்குக்கு "ஈர்ப்பு" என்றே பெயர். மேலே எறிந்த கல் மாதிரி எல்லாப் பதிவும் கீழே வந்தே தீரும்.

இங்கேதான் நம்ம ஊர்க்காரங்க கவனிக்க வேண்டிய இடம் வருது. சென்னையில் பகல் 12 மணிக்கு ஒருத்தர் அங்கே பதிவு போடுகிறார் என்று வைங்க. கோடைக்காலத்தில் அப்போ நியூயார்க்கில் அதிகாலை இரண்டரை. சான்பிரான்சிஸ்கோவில் முந்தின ராத்திரி பதினொன்றரை. ஒரு மணி நேரத்தில் 10 ஓட்டு வாங்குகிறார், நல்ல இடம் கிடைக்கிறது. நியூயார்க்காரர் காலை 8 மணிக்கு எழுந்து தளத்தைத் திறக்கும்போது பதிவுக்கு ஐந்தரை மணி நேர வயது. முன்னாடி 10 ஓட்டுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணை வைத்திருக்க இப்போ 52 ஓட்டு வேணும். ஓட்டுப் போட வேண்டியவர்கள் தூங்கும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. சூத்திரத்தில் இந்தியா என்றோ அமெரிக்கா என்றோ ஒரு எழுத்து கிடையாது. எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆனால் எல்லாருக்கும் விளைவு ஒன்று இல்லை.

கூட்டம் கூட்டத்தைப் பார்க்கும்

கணக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே போகிற ஓட்டு மனுஷங்க போடுவது. இதைப் பற்றி ரெண்டு ஆய்வு சொல்றேன்.

சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று பேர் 2006-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது முதல் ஆய்வு. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களோட 48 பாட்டு, 14,341 பேர். அதில் ஒரு பகுதியினரை எட்டுத் தனித்தனி உலகமாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் உலகத்திலும் அந்த உலகத்துக்காரர்கள் எந்தப் பாட்டை எத்தனை தடவை இறக்கினார்கள் என்பது தெரியும், அடுத்த உலகம் தெரியாது. தரம் மட்டும்தான் முடிவு செய்கிறது என்றால் எட்டு உலகத்திலும் ஒரே பாட்டு முதலில் வர வேண்டும். வரவில்லை. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அரிது, ரொம்ப மோசமான பாட்டு உச்சத்துக்கு வருவதும் அரிது. நடுவில் இருந்த பாட்டுகளுக்கு எதுவும் நடந்தது. நாம எழுதுவதில் பெரும்பாலானவை அந்த நடுவில்தானே இருக்கு?

ரெண்டாவது, முச்னிக், ஆரல், டெய்லர் மூவரும் 2013-ல் அதே இதழில் வெளியிட்டது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஐந்து மாதம் செய்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலான கருத்துகள். சிலவற்றுக்கு, வந்த உடனே, குருட்டாம்போக்கில் ஒரு மேல் ஓட்டைப் போட்டுவிட்டார்கள். சிலவற்றுக்கு ஒரு கீழ் ஓட்டு. மேல் ஓட்டு விழுந்த கருத்தை அடுத்துப் பார்க்கிறவர் தானும் மேல் ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அவற்றின் சராசரி மதிப்பெண் 25 சதவீதம் அதிகம். ஒரே ஒரு பொய் ஓட்டு செய்த வேலை இது.

கீழ் ஓட்டு விழுந்தவை? அங்கே ஒரு நல்ல செய்தி. பார்த்தவர்களில் சிலர் "இதற்கு ஏன் இப்படி?" என்று மேல் ஓட்டுப் போட்டு அதைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் சரி செய்தது, அந்தக் கருத்து அவர்கள் கண்ணில் பட்டதால்தான்.

கண்ணில் படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரெடிட் நிரலிலேயே ஓர் உதாரணம் இருந்தது. வெளியிடப்பட்ட ஒரு பதிப்பில், கழித்து வந்த எண் நேர் என்றால் 1, பூஜ்யம் என்றால் 0, எதிர் என்றால் -1 என்று வைத்து, அதை நேரத்தோடு பெருக்கியிருந்தார்கள். புதிய பதிவு போட்டவரோட சொந்த ஓட்டால் 1-ல் தொடங்கும். முதலில் வருகிற ஒருத்தர் கீழ் அம்பை அழுத்தினால் 0. நேரத்தால் சேர்ந்த மொத்தப் புள்ளியும் ஒரே அடியில் போய்விடும். பல வருஷத்துக்கு முந்தின பதிவுகளுக்கும் கீழே போய் விழும். இன்னொருத்தரும் அழுத்தினால் எதிர் எண்ணாகி இன்னும் பாதாளம். அப்புறம் யார் வந்து பார்த்துச் சரி செய்வது? சின்னக் குழுவில், புதுப் பதிவு வரும் பக்கத்தில் ஒரே ஒருத்தர் காத்திருந்தால் போதும், தனக்குப் பிடிக்காததை வெளியே வரவே விடாமல் செய்துவிடலாம். பிறகு வந்த பதிப்பில் அந்தக் குறியை நேரத்திலிருந்து எடுத்து, ஓட்டின் பக்கம் மாற்றினார்கள். அப்போது ஒரு கீழ் ஓட்டு என்பது ஒரு கீழ் ஓட்டாக மட்டும் ஆனது.

வாய்ப்பு கொடுப்பது எப்படி?

சரி, இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள்?

ஒன்று, எண்ணை மறைப்பது. ரெடிட்டில் ஒரு குழுவை நடத்துகிறவர்கள், புதிய கருத்தின் ஓட்டு எண்ணிக்கையைக் கொஞ்ச நேரம் யாருக்கும் காட்டாமல் வைக்கலாம். முதல் ஓட்டைப் பார்த்து அடுத்தவர் போடுவது குறையும்.

ரெண்டு, குலுக்கிப் போடுவது. ரெடிட்டில் போட்டிகளுக்கு என்றே ஒரு முறை இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் பதில்கள் வேற வேற வரிசையில் தெரியும், எண்ணும் தெரியாது. முதலில் வந்தவருக்கு முதல் பந்தி என்பது அங்கே இல்லை.

மூன்று, ரெண்டாவது வாய்ப்பு. ஹேக்கர் நியூஸில் நல்ல பதிவு ஒன்று கவனிக்கப்படாமல் போயிருந்தால், நடத்துகிறவர்கள் அதை ஒரு தனித் தொகுப்பில் சேர்ப்பார்கள். அதிலிருந்து பதிவுகள் முதல் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கொஞ்ச நேரம் தலைகாட்டும். யாருக்கும் பிடிக்காவிட்டால் தானாக இறங்கிவிடும். சென்னையில் பகல் 12 மணிக்குப் போட்டவருக்கு உருப்படியான வழி இதுதான். ஆனால் இதற்கு மனுஷங்க உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நாலாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. வில்சனோட எல்லைக்கு ரெண்டு முனை உண்டு இல்லையா? கீழ் முனையை எடுத்தால், நிரூபித்தவருக்குத்தான் இடம். மேல் முனையை எடுத்துப் பாருங்க. ஒரே ஓட்டு வாங்கிய பதிலின் மேல் முனை 100, அது முதலிடத்துக்கு வந்துவிடும். ரொம்ப நல்லதாக இருக்க வாய்ப்பு இருக்கு, காட்டித்தான் பார்ப்போமே என்கிறது கணக்கு. காட்டின பிறகு ஓட்டு விழும், எல்லை குறுகும், தேறாது என்றால் தானே கீழே போகும். புள்ளியியலில் இதுவும் நன்கு ஆராயப்பட்ட வழிதான். சூதாட்ட இயந்திரங்களில் எதில் காசு போடுவது என்கிற கணக்கிலிருந்து வளர்ந்தது.

அப்போ எப்போதும் மேல் முனையையே எடுத்தால் என்ன? ஒரு விலை இருக்கு. படிக்க வருகிறவர் முதலில் பார்ப்பது எல்லாம் சோதிக்கப்படாத சரக்காக இருக்கும். மருந்து பற்றிக் கேட்டவருக்கு அது ஆபத்து. எழுதுகிறவருக்கு நியாயம் என்பது வாய்ப்பு. படிக்கிறவருக்கு நியாயம் என்பது நம்பகம். ரெண்டும் ஒரே 30 இடத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் பெரும்பாலான இடத்தை நிரூபித்தவற்றுக்கும், ஒரு சில இடத்தைப் புதியவற்றுக்கும் ஒதுக்குவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நான் நினைக்கிறேன். எத்தனை இடம் என்பதைக் கணிதம் சொல்லாது, தளத்தை நடத்துகிறவர்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணை அவர் வெளிப்படையாகவும் சொல்ல வேண்டும். விதி வெளியே இருந்ததால்தான் அந்தப் பெருக்கல் பிழையை வெளி ஆட்களால் பார்த்துச் சொல்ல முடிந்தது.

கடைசியாக, நம்ம கையில் என்ன இருக்கு? இந்தத் தளங்கள் எல்லாவற்றிலும் "புதியவை" என்று ஒரு பக்கம் இருக்கும். ரொம்பக் கொஞ்சம் பேர்தான் அங்கே போவாங்க. இப்போ கணக்கு தெரிந்துவிட்டது உங்களுக்கு. ஆயிரம் ஓட்டு வாங்கியதற்கு நீங்க போடும் ஆயிரத்து ஒன்றாவது ஓட்டு எதையும் மாற்றாது. புதியவை பக்கத்தில், யாரும் பார்க்காத ஒரு நல்ல பதிவுக்கு நீங்க போடும் ரெண்டாவது ஓட்டு அதோட தலையெழுத்தையே மாற்றலாம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் அங்கே போய்ப் பாருங்க. படித்துவிட்டுப் போடுங்க, எண்ணைப் பார்த்துப் போடாதீங்க. கீழ் அம்பை அழுத்துவதற்கு முன்னாடி மட்டும் ஒரு தடவை கூடுதலா யோசிங்க. அங்கே நீங்கதான் முதல் ஆள்.